தகுதிகாண் பருவம்: "வேலை போய்விடுமா?" என்று கேட்பவர்களுக்கு

மாவட்ட அலுவலகம் ஒன்றில் பணியமைப்புப் பிரிவைப் பல வருடம் பார்த்தவன் நான். தமிழ்நாடு அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதும் கடிதங்களில் பாதிக்கு மேல், தகுதிகாண் பருவத்தில் (வேலைக்குப் பொருத்தமானவரா என்று பார்க்கும் ஆரம்பக் காலம், அதாவது புரபேஷன்) வேலை போய்விடுமோ என்ற பயம்தான். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் அலுவலர் மெமோ மேல் மெமோ கொடுக்கிறார். "நீ இன்னும் தகுதிகாண் பருவத்தில்தானே இருக்கிறாய், ஒரு வரி எழுதினால் வீட்டுக்குப் போய்விடுவாய்" என்கிறார். அப்படி அனுப்ப முடியுமா?

முதலில் உங்கள் நியமன ஆணையை எடுத்து, கையெழுத்துப் போட்டவர் யார் என்று பாருங்கள். நியமித்தவருக்குக் கீழே உள்ள யாரும் உங்களைப் பணிநீக்கம் செய்ய முடியாது. அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. மிரட்டுகிறவர் பல சமயம் அந்த அதிகாரம் இல்லாதவராகவே இருப்பார்.

சரி, நியமித்தவரே அனுப்ப நினைத்தால்? வேலைக்குப் பொருத்தமில்லை என்ற காரணத்துக்காகத் தகுதிகாண் பருவத்தை முடித்து விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் உண்மைக் காரணம் ஒரு குற்றச்சாட்டாக இருந்து, விசாரணையே இல்லாமல் "பொருத்தமில்லை" என்ற போர்வையில் அனுப்பினால் அது செல்லாது. 1974-ல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. 1984-ல் அனூப் ஜெய்ஸ்வால் வழக்கு வந்தது. பயிற்சியில் இருந்த ஐ.பி.எஸ். அதிகாரி அவர். மழை பெய்த ஒரு காலையில் உடற்பயிற்சிக்குத் தாமதமாக வந்ததில் தொடங்கிய விவகாரம், அவரை விடுவிக்கும் ஆணையில் முடிந்தது. ஆணையில் குற்றம் என்று ஒரு சொல்கூட இல்லை. உச்ச நீதிமன்றம் ஆணைக்குப் பின்னால் இருந்த கோப்பைப் பார்த்தது, ஆணையை ரத்து செய்து அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்னது.

அதனால் ஒவ்வொரு மெமோவுக்கும் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வாய்மொழியாக "சார், இனிமேல் நடக்காது" என்று சொல்லிவிட்டு வருவதுதான் பிள்ளைகள் செய்கிற பெரிய தவறு. பதிலின் நகலில் தபால் பிரிவின் முத்திரையையும் தேதியையும் வாங்கி வீட்டில் வையுங்கள். நாளைக்குச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ போக வேண்டி வந்தால், உங்களுக்காகப் பேசப்போவது அந்த நகல்தான்.

மூன்று வருடம் முடிந்துவிட்டது. முடித்ததாக ஆணை வரவில்லை. தானாகவே நிரந்தரம் ஆகிவிட்டேனா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிகபட்சக் காலத்தை விதியே கட்டி வைத்து, அதற்கு மேல் நீட்டிக்க வழியே இல்லாதபோது, நிரந்தரம் ஆனதாகக் கருதலாம் என்று 1968-ல் தரம் சிங் வழக்கில் சொன்னார்கள். எல்லா விதியும் அப்படி எழுதப்படவில்லை.

நம் ஊரில் நேரடி நியமனத்துக்குப் பொதுவான கணக்கு, தொடர்ச்சியான மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணிக்காலம். விடுப்பில் போன நாட்களைப் பொதுவாகப் பணிக்காலமாக எண்ண மாட்டார்கள். எனவே பணிப்பதிவேட்டை வாங்கி விடுப்புப் பக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். நான் பார்த்த கோப்புகளில் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்: பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிச் சான்று கோப்பில் சேரவில்லை, அல்லது துறைத்தேர்வு தேர்ச்சியைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. ஒரு பெண் தேர்ச்சி பெற்று ஒரு வருடம் கழித்துதான் அது பதிவாகவில்லை என்று தெரிந்துகொண்டார். அந்த ஒரு வருடமும் அவர் தூங்காமல் கிடந்தது வீண். விண்ணப்பம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் கோப்பின் நிலையைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

மகப்பேறு விடுப்பு எடுத்தால் தகுதிகாண் பருவம் தள்ளிப்போகுமா? பணிமூப்பு போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது, இளம் பெண்கள் நிறையப் பேர் அதில் இழந்திருக்கிறார்கள். அது அநியாயம். மகப்பேறு விடுப்புக் காலத்தையும் தகுதிகாண் பருவத்தில் கணக்கிடலாம் என்று ஏப்ரல் 2025-ல் சட்டமன்றத்தில் விதி 110-ன் கீழ் முதலமைச்சர் அறிவித்தார். அதைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பயந்து விடுப்பைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு போராட்ட வழக்கில் என் பெயர் இருந்தது, விடுதலை ஆகிவிட்டேன். சரிபார்ப்புப் படிவத்தில் எழுதவில்லை. இப்போது தூக்கமே வரவில்லை.

இந்தக் கடிதங்களிலேயே எனக்கு அதிகக் கவலை தந்தது உங்களுடையதுதான். வழக்கைவிட மறைத்ததுதான் இங்கே சிக்கல். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பார்த்தது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சிறு விஷயம் என்றால், மறைத்திருந்தாலும் அதிகாரி அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. கடுமையான குற்றம் என்றால் நியமனத்தையே ரத்து செய்யலாம் என்றும் சொன்னது. உங்களை விடுதலை செய்த தீர்ப்பின் சான்றிட்ட நகலை அந்த நீதிமன்றத்தில் வாங்குங்கள். பணி வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞரிடம் காட்டி, அவர் எழுதித்தரும் விளக்கத்தோடு, அலுவலகம் கண்டுபிடித்துக் கேட்கும் முன்பே நீங்களாகக் கொடுத்துவிடுங்கள்.

தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. தகுதிகாண் பருவம் என்பது முறையான பணியிடத்தில் நியமனம் ஆனவர்களுக்கு உரியது. உங்கள் ஒப்பந்தத்தின் நகலை அனுப்புங்கள், அதைப் படித்துவிட்டுத் தனியாக எழுதுகிறேன்.