ஹோகனா, இனோகியா: முதல் ஐ.டபிள்யூ.ஜி.பி. சாம்பியன் யார்?

ஜப்பானின் நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தின் ஐ.டபிள்யூ.ஜி.பி. ஹெவிவெயிட் பட்டத்தை முதலில் வென்றவர் ஹல்க் ஹோகன் என்று நீங்கள் தொகுக்கும் சாம்பியன் பட்டியலின் முதல் வரி சொன்னால், அது தவறு. அவரை நீக்கிவிட்டு, 1987 ஜூன் 12 அன்று மாசா சைட்டோவை வென்ற அன்டோனியோ இனோகியை எழுதுங்கள்.

குழப்பத்துக்குக் காரணம் 1983 ஜூன் 2 அன்று டோக்கியோவில் நடந்த ஐ.டபிள்யூ.ஜி.பி. லீக் தொடரின் இறுதிப்போட்டியாகவே இருக்க வேண்டும். வளையத்தின் விளிம்பில் நின்ற இனோகி, ஹோகனின் கைவீச்சில் கீழே விழுந்து, நாக்கு வெளியே தள்ள நினைவிழந்து கிடந்தார். நியூ ஜப்பான் நிறுவனரே தம் சொந்த மேடையில் அப்படித் தோற்றதை ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் ஹோகனுக்குக் கிடைத்தது ஆண்டு லீக்கின் வெற்றிச் சின்னம்; ஆண்டு முழுவதும் சவால்களை எதிர்கொண்டு காக்க வேண்டிய பட்டம் 1987-இல்தான் உருவானது.

உங்கள் மூலப் பட்டியலைச் சரிபார்க்க, இனோகிக்கு அடுத்த பெயரைப் பாருங்கள். காயத்தால் அவர் பட்டத்தைத் துறந்தபின், 1988 மே 8 அன்று பிக் வேன் வேடரை வென்ற தட்சுமி ஃபுஜினாமி அங்கே இருந்தால் பட்டியல் சரியானது. 1984 என்ற ஆண்டு வந்தால் லீக் முடிவுகளும் அதில் கலந்திருக்கின்றன.

ஆனால் 2006-க்குப் பிறகு இந்தச் சோதனை உதவாது. பட்டம் பறிக்கப்பட்ட பிராக் லெஸ்னர் பெல்ட்டைத் திருப்பித் தராமல் வைத்திருந்து, 2007-இல் இனோகியின் புதிய நிறுவன மேடையில் கர்ட் ஆங்கிளிடம் தோற்றார். ஆங்கிளிடமிருந்த அந்தக் கிளைப் பட்டத்தை 2008 பிப்ரவரியில் நியூ ஜப்பானின் சாம்பியன் ஷின்சுகே நகமுரா வென்று தன் பட்டத்துடன் இணைத்தாலும், ஆங்கிளை நியூ ஜப்பான் தன் வரிசையில் எண்ணுவதில்லை. அவரை அடிக்குறிப்பில் மட்டும் வையுங்கள்.