அம்மாவிடம் நோயைச் சொல்லாமலேயே மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லலாமா?

அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதை இன்னும் சொல்லவில்லை என்றும், ஆலோசகரிடம் அழைத்துச் சென்றால் அவர் உண்மையை உடைத்துவிடுவாரோ என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் ஆலோசகர் உங்களுக்காக அல்ல, அம்மாவுக்காகவே அங்கே அமர்ந்திருக்கிறார் என்பதை முதலில் மனத்தளவில் ஏற்றுக்கொள்ளுங்கள்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியினரான எங்களுக்குப் புற்றுநோய் என்றால் திருவனந்தபுரம்தான். 1981-இல் அங்கே தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.க்குக் குழித்துறையிலிருந்து ரயிலேறிப் போய்வருபவர்கள் பலர். என் சித்திக்கும் அந்நகரில்தான் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்தது. ‘ஏதோ கட்டி’ என்று மட்டும் அவரிடம் சொல்லி வைத்திருந்தோம். ஓரளவு தமிழ் பேசக்கூடிய மலையாளியான அங்கிருந்த மனநல ஆலோசகர் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எதையும் உடைக்காமல், “உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க? எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு விருப்பம்?” என்றுதான் கேட்டிருக்கிறார். அதற்குச் சித்தி, “எனக்கு எல்லாம் தெரியும் மக்களே, பிள்ளைகள் தாங்கமாட்டாங்கன்னுதான் கேக்காம இருக்கேன்” என்றிருக்கிறார். அவருடைய சம்மதத்தைப் பெற்ற பிறகே இது எங்கள் காதுக்கு வந்தது. மற்றவற்றை நாங்கள் துருவிக் கேட்டும் ஆலோசகர் சொல்லவில்லை. அன்று எனக்கு அது எரிச்சலாக இருந்தது என்றாலும், அந்த உறுதி இல்லாவிட்டால் சித்தி அவரிடம் வாயே திறந்திருக்க மாட்டார். ரகசியம் காப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் உரிமையாகவே சொல்கிறது.

ஆலோசகருக்கும் நோயாளிக்கும் இடையிலான இந்த உறவில் மூன்று கூறுகள் இருப்பதாக அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் எழுதினார்: இருவருக்கும் இடையிலான பிணைப்பு, எதற்காகப் பேசுகிறோம் என்பதில் உடன்பாடு, அதை எவ்வழியில் செய்வது என்பதில் உடன்பாடு. புற்றுநோயில் இரண்டாவது கூறு நிலையாக நிற்பதில்லை. முடி கொட்டுவதும் வாந்தியும் பெரிதாக இருந்த இடத்தில், அடுத்த ஸ்கேன் முடிவு வந்ததும், மகளின் கல்யாணத்தைப் பார்ப்பேனா என்ற கேள்வி வந்து அமர்ந்துவிடுகிறது. நேரமும் இடமும்கூட அப்படித்தான்: மருந்து ஏறிக்கொண்டிருக்கும் நாற்காலியருகே சில நிமிடம், சோர்ந்து கிடக்கும் வாரத்தில் தொலைபேசியில் நாலு வார்த்தை என்று சித்தியும் ஆலோசகரும் பேசியதுண்டு. நோயாளியின் உடல்நிலைக்கேற்ப வளைந்துகொடுக்காத ஆலோசகரால் இங்கே பயனில்லை.

உறவினர்கள் ஓயாமல் சொல்லும் “தைரியமா இருங்க” என்பதை ஆலோசகரும் சொல்லத் தொடங்கினால், நோயாளிக்கு அழுவதற்கு இருக்கும் ஒரே இடமும் அடைபட்டுப்போகும். மனத்தைத் தேற்றினால் ஆயுள் நீளும் என்று யாராவது வாக்களித்தால் நம்பவேண்டாம். குழுவாகப் பேசும் சிகிச்சை மார்பகப் புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்டியதாக அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் குழுவினர் 1989-இல் வெளியிட்ட முடிவு, 2001-இல் வெளியான பெரிய கனடிய ஆய்வில் உறுதிப்படவில்லை. ஆனால் அந்தக் கனடிய ஆய்வில் மனச்சோர்வும் வலியின் கடுமையும், அதிலும் தொடக்கத்திலேயே மிகவும் துன்பப்பட்டவர்களுக்கு, குறைந்தன. அதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

முதல் சந்திப்புக்கு முன்பே ஆலோசகரிடம், அம்மாவுக்கு இதுவரை என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை மறைக்காமல் தெரிவித்துவிடுங்கள். ‘சொல்லவே கூடாது’ என்று நிபந்தனை மட்டும் போடாதீர்கள். அம்மா சரளமாகப் பேசும் மொழி தெரிந்தவராகக் கேட்டுப் பாருங்கள். சில அமர்வுகளுக்குப் பிறகும் அம்மாவுக்கு அவரிடம் ஒட்டவில்லையென்றால், வேறொருவரை மாற்றித் தரும்படி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.