கால் வீக்கமும் ரத்தப் புற்று மாத்திரையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

எனக்கு சி.எம்.எல். வகை ரத்தப் புற்று, அதற்கு இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறேன். கும்பகோணத்தில் வளர்ந்தவன். யானைக்கால் நோயால் இடது காலில் நிணநீர் வீக்கம், அதாவது நிணநீர் வடியாமல் தேங்கும் வீக்கம், அதற்கு முன்பே உண்டு. இரண்டையும் சேர்த்துச் சமாளிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் முடிவு. மற்றதை நான் சொல்கிறேன்.

அண்ணா, அம்மாவுக்கு இமாட்டினிப் 400 மி.கி. ஆரம்பித்ததிலிருந்து காலையில் கண்ணைச் சுற்றி உப்பிக்கொள்கிறது, இரண்டு காலும் வீங்குகிறது. இதுவும் நிணநீர் வீக்கமா?

பெரும்பாலும் இல்லை தம்பி. இமாட்டினிப் சாப்பிட்டால் பலருக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். இமை உப்புவது அதில் ரொம்பச் சகஜம். நிணநீர் வீக்கம் பெரும்பாலும் ஒரு காலில்தான் தூக்கலாகத் தெரியும். பாதத்தின் மேல்பக்கமும் விரல்களும் சேர்ந்து புடைக்கும். கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தடித்துப்போய் மடிப்பாக எழும்பவில்லை என்றால் நிணநீர் வீக்கமாக இருக்கும். எழும்பினால் அது இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஆரம்பத்தில் தோல் எழும்பத்தான் செய்யும்.

ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். எடை திடீரென்று ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இதே நோய்க்கான டாசாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதில் நுரையீரலைச் சுற்றி நீர் சேரக்கூடும்.

நீர் பிரியும் மாத்திரை போட்டும் என் யானைக்கால் வற்றவில்லையே?

அந்த மாத்திரை, இமாட்டினிப் போன்ற மருந்தால் கோத்த நீருக்கு உதவும். நிணநீர் வீக்கத்தில் தேங்கி நிற்பது வெறும் நீர் இல்லை, புரதமும் சேர்ந்தது. மாத்திரை நீரை இழுத்தாலும் புரதம் அங்கேயே கிடக்கும், வீக்கம் திரும்ப வரும். கட்டுப் போடுவது, அழுத்தக் காலுறை, கால் அசைவுப் பயிற்சி, தோல் பராமரிப்பு, இவைதான் வழி.

சி.எம்.எல்.லுக்கு நிலோட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறேன். கடையில் காலுறை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

இப்போதே வாங்காதீர்கள் அக்கா. நிலோட்டினிப், அதே நோய்க்கான பொனாட்டினிப் இரண்டும் சிலருக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை அடைக்கலாம். அப்படிப்பட்ட காலை இறுக்கினால் ஆபத்து. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடும் சோதனை ஒன்று இருக்கிறது, வலியே இல்லாதது. அது சரியாக இருந்தால் அளவெடுத்து வாங்குங்கள். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன் போட வேண்டும்.

அப்பாவுக்கு சி.எல்.எல். வகை ரத்தப் புற்று. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. நான்கு நாளாக வலது கால் மட்டும் வீக்கம். எண்ணெய் போட்டு நீவி விடலாமா?

வேண்டாம்! புதிதாக ஒரு கால் வீங்கினால் முதலில் ரத்தக்கட்டி இல்லை என்று டாப்ளர் ஸ்கேனில் உறுதியாக வேண்டும். இன்றைக்கே கூட்டிப் போங்கள். ரத்தக்கட்டி இல்லை, நெறிதான் நிணநீர் வழியை அடைக்கிறது என்றால், புற்றுக்கான சிகிச்சையில் நெறி சுருங்கும்போது வீக்கமும் இறங்க வாய்ப்புண்டு. நீவுவதை அதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்தான் செய்ய வேண்டும். தோலை மட்டும் நகர்த்துகிற மாதிரி மெதுவான தடவல் அது. சி.எல்.எல்.லுக்கு இப்ரூட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசாக அழுத்தினாலே தோல் கன்றிப்போகும். வெந்நீர் ஒத்தடமும் கூடாது, வீக்கம் கூடும்.

அடிக்கடி கால் சிவந்து குளிர் ஜுரம் வருகிறது. எப்படித் தடுப்பது?

இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். நிணநீர் தேங்கிய காலில் கிருமி நுழைந்தால் வேகமாகப் பரவும். சி.எல்.எல்.லில் எதிர்ப்புப் புரதங்களும் குறைவு என்பதால் அது ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கிருமி நுழையும் வாசல் பெரும்பாலும் விரலிடுக்குச் சேற்றுப்புண்தான்.

நான் இரவில் ஸ்டூலில் உட்கார்ந்து, சாதாரண சோப்பும் பச்சைத் தண்ணீரும் வைத்துக் காலைக் கழுவுகிறேன். அப்புறம் பழைய வேட்டித் துணியைக் கிழித்து, ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு ஒற்றி எடுக்கிறேன். கடைசி இரண்டு விரலுக்கு நடுவில் கை சுலபமாகப் போகாது, புண் ஆரம்பிப்பதும் அங்கேதான். வெள்ளையாக ஊறி வெடித்திருந்தால் டாக்டர் தந்த பூஞ்சைக் களிம்பு. இடுக்கை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தேங்காய் எண்ணெய். வீட்டுக்குள்ளும் செருப்பு. கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடந்த நாளில், வந்ததும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுவேன்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, கால் சிவந்து சுட்டாலோ பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தப் புற்று இருப்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

மெட்டியைக் கழற்ற வேண்டுமா?

ஆமாம் அம்மா, வீங்கிய காலில் மெட்டி வேண்டாம், கழற்றிவிடுங்கள். இறுகினால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

வீக்கம் தாங்கவில்லை. இமாட்டினிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. அடங்கியிருக்கும் நோய் மறுபடி தலைதூக்கலாம், மாத்திரைக்கு அடங்காமலும் போகலாம். காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில் கால் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதுங்கள், போட்டோவும் எடுங்கள். ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பி.சி.ஆர். சோதனையின் கடைசி ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்கவும், வேறு மாத்திரைக்கு மாற்றவும் அவரிடம் வழி இருக்கிறது.