பூசணிப் பிஞ்சு உதிர்கிறதா? தும்பையும் ஆவாரையும் வளருங்கள்

வணக்கம். காட்பாடி வீட்டுத் தோட்டத்தில் தேனீயே வருவதில்லை, பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது, பாக்கெட்டில் வாங்கி விதைத்த பூ விதைக் கலவையும் மே வெயிலில் கருகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கலவைகளில் பெரும்பாலும் வெளிநாட்டுப் பூக்கள்தான் இருக்கும். வேலூர் வெயிலுக்கு நம் ஊர்ச் செடிதான் சரி.

முதலில் தும்பை. வேலியோரம் தானாக முளைத்தால் களை என்று பிடுங்காதீர்கள், தேனீக்கு அது விருந்து.

அப்புறம் ஆவாரை. இதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். பெரிய கருப்புத் தச்சுத்தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரத்தாலேயே அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். காலையில் நின்று பாருங்கள், அவ்வளவு அழகு! மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இலையைத் தின்னும். தின்னட்டும், மருந்து அடிக்காதீர்கள். விதைத்தோல் கெட்டியானது, வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து, அக்டோபர் மழைக்கு முன் நிலத்திலேயே விதையுங்கள்.

இடம் இருந்தால் துத்தி, கிலுகிலுப்பையும் சேர்க்கலாம். உன்னிச்செடிக்குப் பட்டாம்பூச்சி வரும்தான், ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட செடி. வேண்டவே வேண்டாம்.

ஒரு மூலையை மூடாக்கு (மண்ணை மூடும் இலைதழை) போடாமல் வெறும் மண்ணாக விடுங்கள். மண்ணில் கூடு கட்டும் தேனீக்களும் உண்டு.

தேனீ வராமல் மகரந்தம் சேராவிட்டால் பூசணிப் பிஞ்சு உதிரும். செடிகள் வளர்ந்து தேனீ வரும்வரை நீங்களே காலை 8 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள்.