முகம் பார்க்காத தோழியைத் தேடிப் போகலாமா?

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வயது 52. 2009லிருந்து புனைபெயரில் வலைப்பூ எழுதுகிறேன். தோட்டம், சக்கை வரட்டி (பலாப்பழ இனிப்பு), வீட்டுக் கவலை என்று மனதில் பட்டதை எழுதுவேன். அப்படி எழுதப்போய் ஏழெட்டுப் பேர் நெருக்கமானோம். அதில் குளச்சல் பக்கத்துத் தோழி ஒருத்தி, அவளுக்கும் புனைபெயர்தான். என் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லித் தந்தவள் அவள். "எக்கா, இன்னைக்கு முதுகு எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்பாள். இரண்டு வருடமாக அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. அவள் எழுதியதை வைத்து எந்த ஊர், எந்தப் பங்கு (சர்ச் வட்டாரம்) என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். போய் விசாரிக்கலாமா? "முகமே தெரியாத ஆளு, இதெல்லாம் ஒரு ஃபிரண்ட்ஷிப்பாம்மா?" என்கிறான் மகன். மற்றவர்களும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

தேடுங்கள். ஆனால் அந்த ஊருக்குப் போய் விசாரிக்காதீர்கள்.

நம் கடற்கரை ஊர்கள் உங்களுக்குத் தெரியாததல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரே கோயில், ஒரே அன்பியத்தில், அதாவது பங்கின் சிறு குழுவில், இருபது முப்பது குடும்பங்கள். கோயில் நடையில் நிற்கிற யாரிடமாவது, "இணையத்தில் எழுதுவாங்களே, அவங்க வீடு எது?" என்று கேட்டால் போதும். பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டுக்கு எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் சேதி போய்விடும். அவர் எழுதுவது கணவருக்கே தெரியுமோ தெரியாதோ. கடனையும் மனத்தாங்கலையும் பிள்ளைகளைப் பற்றிய பயத்தையும், தெரிந்தவர்கள் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே ஒரு பெண் எழுதுகிறாள்? மாமியாரின் கடைசி மாதங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை உங்கள் நாத்தனார் கையில் யாராவது கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல மனதோடுதான் போவீர்கள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அவர் பொத்தி வைத்த ஒன்றை நீங்கள் தெருவுக்குக் கொண்டுவந்ததாகிவிடும். சொந்தப் பெயரைச் சொல்லாமல் சொந்தக் கதையை உங்களிடம் சொன்னவர் அவர். அந்த நம்பிக்கையைக் காப்பது, அவரைக் கண்டுபிடிப்பதைவிட முக்கியம்.

மகன் கேட்டதற்கு வருகிறேன். ஒரு முதியவரின் முதுகில் புண் வந்துவிடக்கூடாதே என்று தினமும் நினைத்து விசாரித்தவரை வேறு எந்தப் பெயரால் அழைப்பது என்று அவனிடமே கேளுங்கள். உங்கள் சொந்தபந்தத்தில் எத்தனை பேர் அப்படிக் கேட்டார்கள்? வந்து பார்த்து, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நேற்று என்ன நடந்தது என்று தெரிந்தவர்தான் இன்று எப்படி இருக்கிறது என்று கேட்க முடியும். சொந்த வாழ்க்கையை எழுதுகிறவர்களுக்குள் வளரும் நட்பின் பலமே இதுதான். விசேஷத்தில் பார்த்துக்கொள்கிற உறவுக்கு நம்முடைய பட்டுப்புடவை நாள் மட்டும் தெரியும். பதிவைத் தொடர்ந்து படிப்பவருக்கு அரிசி தீர்ந்த நாளும் தெரியும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்து, கரண்டு கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலுக்குப் போனவர்களை நினைத்துக் கரையில் கதறியதை நாம் மறக்க முடியாது. அந்த நாட்களில் உங்கள் கூட்டத்தில் யார் யார் உங்களைத் தேடினார்கள், நீங்கள் யாரை நினைத்துப் பதறினீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மகனிடம் அதையும் சொல்லுங்கள்.

ஆனால் இந்த நட்பில் நாம் ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. எழுதியது மட்டும்தான் நமக்குத் தெரியும். நிறுத்தினால் ஏன் என்று கேட்க வழியில்லை. உங்கள் தோழிக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். வீட்டில் தெரிந்துபோய் எழுத்தை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். மகள் கல்யாணம், வெளிநாட்டுப் பயணம், எழுத்தே சலித்துப்போனது, எதுவும் இருக்கலாம். எதுவானாலும் உங்கள்மேல் வருத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அப்படி எழுதவில்லை, ஆனால் கடிதத்தின் ஓரத்தில் அந்தப் பயம் தெரிகிறது.

எப்படித் தேடுவது? அவருடைய கடைசிப் பதிவில் மட்டுறுத்தல் (பதிவர் பார்த்து அனுமதித்த பிறகே கருத்து வெளியாகும் ஏற்பாடு) இருந்தால், நீங்கள் இடுகிற பின்னூட்டம் வெளியே தெரியாமல் அவர் பார்வைக்கு முதலில் போகும். "இது வெளியிட அல்ல" என்று முதல் வரியில் எழுதி அந்தரங்கமாகப் பேசிக்கொள்வது தமிழ்ப் பதிவர்களின் பழைய வழக்கம்தானே. மட்டுறுத்தல் இல்லையென்றால் அங்கே எழுத வேண்டாம், யார் கண்ணிலும் படும். மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதற்கு எழுதுங்கள். வீட்டில் வேறு யாராவது திறந்து படித்தாலும் அவருக்குச் சங்கடம் வராதபடி எழுதுங்கள். "சுகமா இருக்கியளா? நான் இங்கே நல்லா இருக்கேன். கொல்லையில் சக்கை காய்ச்சிருக்கு. பதில் போட நேரம் கிடைக்கலன்னாலும் பரவாயில்ல, நினைச்சுக்கிட்டேதான் இருக்கேன்" என்ற அளவில் போதும். ஏன் எழுதவில்லை, என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். விளக்கம் சொல்லியாக வேண்டும் என்ற பாரத்தினாலேயே பதில் போடாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

அஞ்சல் திரும்பி வந்தால் உடனே விபரீதமாக நினைக்காதீர்கள். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023இல் அறிவித்திருக்கிறது. கடவுச்சொல்லை மறந்துபோனவர்களும் நிறைய. பதில் வராவிட்டால், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாளை ஒட்டி இன்னொரு முறை வாழ்த்து அனுப்புங்கள். அதற்குப் பிறகு நீங்கள் உங்கள் வலைப்பூவில் எழுதிக்கொண்டே இருங்கள். அவர் வந்து பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

மற்ற ஐந்தாறு பேர் விஷயத்தில் எனக்கு இவ்வளவு தயக்கம் இல்லை. சண்டை போட்டா பிரிந்தீர்கள்? இல்லையே. நீங்கள் எழுத வந்த காலத்தில் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் (பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளங்கள்) இருந்தன, யார் எழுதினாலும் எல்லோர் கண்ணிலும் பட்டது. வலைப்பூக்களைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றது. அதற்கு முன்பே ஃபேஸ்புக்குக்கு நகர்ந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள், பிறகு வாட்ஸ்அப். சந்திக்கிற முக்கு இல்லாமல் போனது, அவ்வளவுதான். ஆகவே "எல்லோரும் எங்கே?" என்று பொதுவில் ஒரு பதிவு போடாதீர்கள். தனித்தனியாக, ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள், அவரவர் பழைய பதிவு ஒன்றை மறுபடி படித்துவிட்டு. "அருமை, வாழ்த்துகள்" என்பதெல்லாம் மொய்க்கு மொய் கதைதான். அவர் எழுதியதில் உங்களுக்குள் தங்கிய ஒரு வரியைச் சொல்லுங்கள். எழுதுகிறவருக்கு அது போதும், ஓடி வருவார்.

வருகிறவர்களை நேரில் சந்தியுங்கள். சென்னையில் 2012, 2013, பிறகு மதுரை, 2015இல் புதுக்கோட்டை என்று பெரிய பதிவர் திருவிழாக்கள் நடந்தன. உங்களுக்கு மேடையும் மைக்கும் வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்குப் பக்கம்தான். திங்கள்கிழமை விடுமுறை, மற்ற நாள் ஒன்றில் வரச் சொல்லுங்கள். வெளியூர்க்காரர்கள் நாகர்கோவிலில் ரயில் இறங்கித் தக்கலை பஸ் பிடித்தால் போதும். பொது இடத்தில் முதல் சந்திப்பு என்றால் உங்கள் மகனுக்கும் கவலை இருக்காது, கூட வரட்டும்கூட. புனைபெயரால் கூப்பிடவேண்டும் என்று யாராவது சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள், படம் எடுத்து எங்கும் போடாதீர்கள்.

இன்னொன்று. தோழியின் பதிவுகள் இப்போது திறக்கிறதென்றால், உங்களுக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை வேறெங்கும் வெளியிட உங்களுக்கு உரிமை இல்லை. அவரே ஒருநாள் கேட்டு வந்தால் கொடுக்கலாம். உங்கள் வலைப்பூ பிளாகர் தளத்தில் இருந்தால், அதையும் அதன் அமைப்புகளில் போய் மொத்தமாக இறக்கி வையுங்கள், மகனைச் செய்யச் சொன்னால் பத்து நிமிட வேலை.