ஹார்னஸ் டெஸ்டிங்: கேளுங்கள், சொல்கிறேன்

கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் வயர் ஹார்னஸ் (வண்டிக்குள் ஓடும் வயர்களையும் கனெக்டர்களையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) தரச்சோதனையில் வேலை பார்க்கிறேன். கேட்கலாம் என்று சொன்னதும் பேட்டையிலிருந்து தென்காசி வரை கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பேட்டை, ஐ.டி.ஐ. மாணவர்: அக்கா, மல்டிமீட்டர் வைத்தாலே பீப் அடிக்கிறதே. அப்புறம் எதற்கு லட்சக்கணக்கில் பணம் போட்டு ஹார்னஸ் டெஸ்டர் இயந்திரம்?

அந்த பீப் இரண்டு முனைக்கும் நடுவில் ஏதோ ஒரு தொடுப்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது தம்பி. பல மீட்டர்கள் 30 ஓம் இருந்தால்கூட பீப் அடிக்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள 0.5 சதுர மி.மீ. செம்பு வயரின் தடையோ சுமார் 35 மில்லிஓம்தான். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு மோசமான இணைப்புக்கும் அதே பீப்.

அந்த வயருக்குள் 19 இழைகள் இருப்பதாக வைத்துக்கொள். மேலுள்ள இன்சுலேஷனை உரிக்கும்போது பிளேடு பட்டு 18 இழை அறுந்து, ஒரே ஒரு இழை டெர்மினலை (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) பிடித்துக்கொண்டிருந்தாலும் பீப் வரும். மில்லிஓம் மீட்டர் வைத்தால் பிடிபடுமா என்றால், அதுவும் சுலபமில்லை. ஒற்றை இழையாக இருக்கும் அந்த ஒரு செ.மீ. தூரம் கூட்டுகிற தடை சுமார் 6 மில்லிஓம்தான். சாதாரண மீட்டரின் லீடுகளுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு என்பதால் அதில் தெரியவே தெரியாது. நான்கு வயர் முறையில், மின்னோட்டம் ஒரு ஜோடியிலும் மின்னழுத்தம் இன்னொரு ஜோடியிலுமாக அளந்தால் வித்தியாசம் தெரியலாம். ஆனால் வயர் நீளமாகிவிட்டால் அதுவும் அளவு மாறுபாட்டுக்குள் அமுங்கிப்போகும். அதனால் இந்தக் குறையை உரிக்கும் இடத்திலும் கிரிம்ப் அடிக்கும் (டெர்மினலை வயர் மேல் நசுக்கி இறுக்கும்) இடத்திலும்தான் பிடிக்க வேண்டும். கடைசி டெஸ்டரை நம்பி முன்வேலையைத் தளர்த்தக் கூடாது.

டெஸ்டரின் உண்மையான பலம் வேறு. 40 வயர், 80 முனை என்று வைத்துக்கொள். எது எதோடு தொட வேண்டும், எது எதோடு தொடக் கூடாது என்று பார்க்க 3160 ஜோடிகள் இருக்கின்றன. கையால் யார் பார்ப்பார்கள்? இயந்திரம் ஒவ்வொரு முனைக்கும் மின்சாரம் கொடுத்து, மற்ற எல்லா முனைகளையும் நொடியில் பார்த்துவிடும். ஓப்பன் (அறுந்த இணைப்பு), ஷார்ட் (தொடக் கூடாதவை தொடுவது), இடம் மாறிய வயர் மூன்றும் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டை, சிறு யூனிட் நடத்துபவர்: மாஸ்டர் சாம்பிளை (சரியென்று வைத்திருக்கும் மாதிரி ஹார்னஸ்) மாட்டி டெஸ்டருக்குக் கற்றுக்கொடுத்தால் போதுமா?

சாம்பிளில் பிழை இருந்தால் டெஸ்டர் அந்தப் பிழையைத்தான் படிக்கும். பிறகு நல்ல ஹார்னஸ் ரிஜெக்ட் ஆகும், தப்பான ஹார்னஸ் பாஸ் ஆகும். டெஸ்டர் படித்து வைத்திருக்கும் பட்டியலை டிராயிங்கோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். சாம்பிளைச் செய்த ஆள் அல்லாமல் இன்னொருவர் ஒப்பிட வேண்டும். டிராயிங் மாறிய அன்றே பழைய சாம்பிளை லைனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வண்ணார்பேட்டை, ஆட்டோ எலக்ட்ரீஷியன்: தங்கச்சி, டெஸ்ட் ஆகி வந்த புது ஹார்னஸ்தான். மேடு பள்ளத்தில் ஹெட்லைட் அணைந்து அணைந்து எரிகிறதே?

அண்ணாச்சி, முதலில் கனெக்டரின் பின்பக்கம் ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். டெர்மினல் லாக் ஆகாமல் பாதியில் நின்றிருக்கலாம். டெஸ்டரின் ஊசி (பின்) கனெக்டரின் முன்பக்கத்திலிருந்து தொட்டதும் பாஸ் காட்டிவிடும். வண்டியில் எதிர் கனெக்டரைச் சொருகும்போது அந்த டெர்மினல் பின்னால் தள்ளப்படும். லாக் ஆகாத டெர்மினலை வெளியே தள்ளிவிடும் அளவுக்கு ஸ்பிரிங் விசையுள்ள பின்களை டெஸ்ட் ஜிக்கில் (சோதனைக்காக ஹார்னஸை மாட்டும் சட்டம்) போடுவது இதற்காகத்தான். தள்ளு, க்ளிக் கேள், இழுத்துப் பார் என்று அசெம்பிளி போர்டில் நிற்கும் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பதும் இதற்காகத்தான்.

லாக் சரியாக இருந்தால் கிரிம்பைப் பாருங்கள். செம்பை இறுக்க வேண்டிய இடத்தில் இன்சுலேஷன் மாட்டியிருக்கலாம்.

அதே பாளையங்கோட்டை யூனிட்: புல் டெஸ்டில் (வயரை இழுத்துப் பார்க்கும் சோதனை) அதிக கிலோ தாங்கினால் கிரிம்ப் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. குறைந்தபட்ச விசையைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. 18 கேஜ் வயருக்கு (சுமார் 0.8 சதுர மி.மீ.) யு.எல். 486ஏ என்ற அமெரிக்கத் தர விதி சொல்வது 89 நியூட்டன், அதாவது 9 கிலோ போல. இழுவிசை மிக அதிகமாகும் கிரிம்ப் உயரமும் (நசுக்கிய இடத்தின் உயரம்) மின்தடை மிகக் குறைவாகும் கிரிம்ப் உயரமும் ஒன்றல்ல. அதனால் டெர்மினல் கம்பெனி தரும் கிரிம்ப் உயரத்தை மைக்ரோமீட்டரில் அளந்து பிடியுங்கள். புல் டெஸ்ட் செய்யும்போது இன்சுலேஷனைப் பிடிக்கும் இறக்கையைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் செம்பின் பிடியோடு இன்சுலேஷனின் பிடியையும் சேர்த்து அளப்பீர்கள்.

தென்காசி: சாரல் மாதத்தில் மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) காட்டும் அளவு இறங்குகிறது. வெயிலில் வயர் தடை ஏறுகிறது. எதை நம்புவது?

இரண்டும் உண்மையான அளவுதான். கனெக்டர் மேல் படியும் ஈரமும் கை வேர்வையும் இன்சுலேஷன் அளவை இறக்கும். துடைத்து, உலர வைத்து மறுபடி அளந்து பாருங்கள். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 38 டிகிரியில் அளந்தால் 20 டிகிரி அளவைவிட 7 சதவீதம் கூடுதலாகத்தான் வரும். 20 டிகிரிக்குத் திருத்திய பிறகே ரிஜெக்ட் போடுங்கள்.

தூத்துக்குடி: வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை வந்த பிறகு எல்லோரும் மின்கார் ஹார்னஸ் பற்றியே பேசுகிறார்கள். சோதனையில் என்ன வித்தியாசம்?

மின்காரின் உயர் மின்னழுத்த ஆரஞ்சு நிறக் கேபிளுக்கு ஹைபாட் சோதனையும் (உயர் மின்னழுத்தம் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்ப்பது) இன்சுலேஷன் சோதனையும் தவிர்க்க முடியாதவை. ஆர்100 என்ற ஐ.நா. மின்வாகனப் பாதுகாப்பு விதிப்படி நேர்மின்னோட்ட (டி.சி.) பக்கம் ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் காப்பு வேண்டும். 400 வோல்ட் பேட்டரிக்கு 40,000 ஓம். அது முழு வண்டிக்குமான எல்லை. ஒவ்வொரு பாகத்தின் கசிவும் சேர்ந்துகொள்ளும் என்பதால் தனி ஹார்னஸுக்கு மெகாஓம் கணக்கில் கேட்பார்கள். ஹைபாட் முடிந்ததும் கேபிளில் மின்னேற்றம் தங்கும். டிஸ்சார்ஜ் ஆன பிறகே தொடுங்கள், மூடியைத் திறந்தால் சோதனையை நிறுத்தும் கவர் சுவிட்சை யாரும் பைபாஸ் செய்ய விடாதீர்கள்.

ஆலங்குளம், விவசாயி: போர்வெல் மோட்டார் கேபிளில் ஒரு கோர் (உள்ளே ஓடும் தனி வயர்) அறுந்திருக்கிறது. 90 மீட்டரில் எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா?

மெயினை அணைத்து, கேபிளை வெளியே எடுத்து, கேபிளை மோட்டாரோடு சேர்த்த ஒட்டை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கும். ஒட்டு நன்றாக இருந்தால் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு, அறுந்த கோருக்கும் நல்ல கோருக்கும் இடையே கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவு நீளத்தோடு கூடும். இந்த முனையில் 2 நானோஃபாரட், அந்த முனையில் 4 என்று வந்தால், இந்த முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில், சுமார் 30 மீட்டரில் அறுந்திருக்கிறது. கேபிள் நன்றாக உலர்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

ஒட்டுப் போட்ட பிறகு அந்த இடத்தை ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, 500 வோல்ட் மெகரில் கோருக்கும் தண்ணீருக்கும் இடையே அளந்து பாருங்கள். அளவு இறங்கியிருந்தால் போர்வெல்லுக்குள் இறக்காமல் ஒட்டைப் பிரித்து மறுபடி போடுங்கள்.