கருக்கும் கரும்புச் சாறும் ஹைட்ரோஸும்

கேள்வி: பண்ருட்டி அருகே மூன்று ஏக்கர் கரும்பு வைத்து, சொந்தக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சுகிறேன். இந்தப் பருவத்தில் சாறு தொட்டியிலேயே கருத்துவிடுகிறது. மண்டியில் வெல்லத்துக்கு விலை கிடைக்கவில்லை. தாமிரம்தான் காரணம் என்கிறார்கள். தாமிர மருந்து தெளித்தது தவறா? வெல்லத்தை வெளுக்கச் சேர்க்கும் ஹைட்ரோஸை இரட்டிப்பாக்கக் கடைக்காரர் சொல்கிறார், செய்யலாமா?

பதில்: தாமிரம் காரணம் என்பது உண்மைதான், ஆனால் அது தாங்கள் தெளித்த தாமிரம் அன்று. கரும்பின் திசுக்களிலேயே பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. அதன் வினை மையத்தில் இரண்டு தாமிர அணுக்கள் அருகருகே அமைந்துள்ளன. தண்டு நசுங்காதவரை நொதியும், கரும்பில் இயல்பாகவே உள்ள ஃபீனால் என்னும் வேதிப்பொருள்களும் செல்லுக்குள் தனித்தனியே இருக்கும். ஆலையின் உருளை நசுக்கியதும் இரண்டும் கலந்துவிட, அந்தத் தாமிர அணுக்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு ஃபீனால்களைக் குயினோன்களாக ஆக்ஸிஜனேற்றம் செய்கின்றன. குயினோன்கள் புரதத்தோடும் தம்முள்ளும் பிணைந்து பழுப்பு நிறமிகளாகின்றன. அரிந்த கத்தரிக்காய் கருப்பதும் இதே வினையால்தான்.

பிழிந்த சாறு எவ்வளவு நேரம் கொப்பரை ஏறாமல் நிற்கிறது என்பதே தாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு டம்ளர் சாற்றைப் பிழிந்தவுடன் கொதிக்கவைத்து, இன்னொன்றைப் பச்சையாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சைச் சாறு கண்ணெதிரே கருக்கும், கொதித்ததில் நொதி செயலிழந்துவிடுவதால் அது அவ்வாறு கருக்காது. ஆகவே தொட்டியில் தேக்காமல் உடனுக்குடன் அடுப்பேற்றுங்கள். ஃபீனால் மிகுந்த கொழுந்தாடையை, அதாவது கரும்பின் நுனிப் பகுதியைக் கழித்துவிட்டு அரையுங்கள். உருளையில் துரு இருந்தால் தேய்த்துக் கழுவுங்கள். இரும்பும் ஃபீனாலும் சேர்ந்தாலும் சாறு கருக்கும். அறுவடையை ஒட்டி யூரியா இடுவதும் வெல்லத்தின் நிறத்தைக் கெடுக்கும்.

ஹைட்ரோஸைப் பற்றி என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்: அதை இரட்டிப்பாக்குவது இருக்கட்டும், கொட்டகைக்குள்ளேயே விடாதீர்கள். சோடியம் ஹைட்ரோசல்பைட் என்னும் அந்த வெளுப்புப் பொருள் நிறமிகளை அப்போதைக்கு வெளுக்கச் செய்கிறதே தவிர, நீக்குவதில்லை. இருப்பில் காற்றுப்பட்டதும் நிறம் திரும்பிவிடும், கந்தக எச்சமோ உண்பவர் வயிற்றுக்குப் போகும். அதை விற்கும் கடைக்காரருக்கு, ஒரு மாதம் கழித்து வெல்லம் எப்படியிருக்கும் என்ற கவலை சிறிதும் இல்லை. பொன்மஞ்சள் நிறம் கேட்டு அடம்பிடிக்கும் வியாபாரியும் இந்தத் தவறில் பங்காளிதான். ஹைட்ரோஸ் இல்லாத வெல்லம் சற்றே பழுப்பாகத்தான் இருக்கும் என்பதை அவரிடம் தாங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

சாற்றின் அழுக்கெடுக்க, நசுக்கிய வெண்டைத் தண்டை நீரில் ஊறவைத்து எடுத்த வழவழப்புச் சாறே போதும். சுண்ணாம்பு நீரை மட்டும் கை போன போக்கில் ஊற்றாதீர்கள். அளவு மிஞ்சினால் அதுவே வெல்லத்தைக் கருக்கச் செய்யும்.